சிசிஎன்ஏ காலாவதியாக இன்னும் ஏழு மாசம், அடுத்து எத எழுதுறது

கோத்தகிரில ரெண்டு நாளா மழை விட்டு விட்டு பேஞ்சிட்டு இருக்கு, கரண்ட் காலைலேருந்து மூணு தடவ போயிட்டு வந்துருச்சு, பேட்டரி தாங்குற வரைக்கும் இத எழுதி முடிச்சிரணும்னு உக்காந்துருக்கேன். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருக்குற விஷயம் இது, போன வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன், என்ன மாதிரி மலைல உக்காந்துகிட்டு நெட்வொர்க் வேலை பாக்குற பசங்க நெறைய பேர் இருக்கீங்க, அதனால எப்படி யோசிச்சு இந்த முடிவுக்கு வந்தேன்னு முழுசா சொல்லிடறேன்.

நான் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனில வேலை பாக்குறேன். ஓனர் சாரையும் சேத்து மொத்தம் ஒம்போது பேரு. ஃபைபர் இழுக்குறது, கம்பத்துல ஏறுறது, ஸ்ப்ளைஸ் போடுறது, கஸ்டமர் வீட்டுல ரூட்டர் வைக்கிறது, ராத்திரி போன் வந்தா எந்திரிச்சு ஓடுறது எல்லாம் நாங்கதான். ரூட்டருக்குள்ள போய் கான்ஃபிகரேஷன் தொடுறது மட்டும் நானும் எங்க சீனியர் அண்ணாவும். அண்ணா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வெளிநாடு போயிட்டார், அப்பலேருந்து நான் ஒருத்தன்தான்.

சிசிஎன்ஏ, அதாவது சிஸ்கோ கம்பெனி குடுக்குற அடிப்படை நெட்வொர்க் சர்டிஃபிகேட், பாஸ் பண்ணி ரெண்டரை வருஷம் ஆச்சு. அது மூணு வருஷத்துக்குத்தான் செல்லும்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். அடுத்த மே மாசத்தோட என்னோடது முடியுது. மறுபடி அதே 200-301 பரீட்சையவே எழுதி புதுப்பிக்கலாம், இல்ல கன்டினியூயிங் எஜுகேஷன்ல 30 கிரெடிட் சேத்துக்கலாம், இல்ல ஒரு படி மேல இருக்குற பரீட்சை ஒண்ணு பாஸ் பண்ணிட்டா கீழ இருக்குறது தானா புதுப்பிச்சிரும். படிச்சதையே திரும்ப எழுத அவ்வளவு காசு குடுக்க எனக்கு மனசு வரல, சரி மேல போகலாம்னு நெனச்சேன், ஆனா மேல எந்தப் பக்கம் போறதுங்குறதுதான் பெரிய கேள்வியா இருந்துச்சு.

யார கேட்டாலும் ஒவ்வொண்ணு சொன்னாங்க. கோயம்புத்தூர்ல இருக்குற ஃப்ரெண்டு ஃபயர்வால் பக்கம் வாடா, ஃபோர்டினெட் பண்ணு, ரிசார்ட்டு ஹோட்டலு எல்லாம் அதத்தான் வாங்குறாங்கன்னான். சித்தப்பா பையன் பெங்களூர்ல இருக்கான், அவன் கிளவுடு இல்லாம இனிமே ஒண்ணும் இல்ல, அமேசானோட கிளவுடு ஏடபிள்யூஎஸ்ல நெட்வொர்க்கிங் ஸ்பெஷாலிட்டி இருக்கு அத பண்ணுன்னான். எங்க ஓனர் சாருக்கு மைக்ரோடிக் கம்பெனியோட எம்டிசிஎன்ஏ பண்ணா போதும், நம்மகிட்ட பாதி பெட்டி மைக்ரோடிக்தானே தம்பி, எதுக்கு வேற கம்பெனி சர்டிஃபிகேட்டுனு ஒரு எண்ணம். அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, ஆனா அது அவங்க ட்ரெயினிங்ல போய் உக்காந்து கடைசில எழுதுற பரீட்சை, அதுக்கு நாலஞ்சு நாள் லீவு போட்டா இங்க யாரு பாக்குறதுன்னா அதுக்கு பதில் இல்ல.

ஒரு கோச்சிங் சென்டருக்கும் போன் பண்ணேன், பேரு வேண்டாம். அங்க பேசுனவங்க உங்க சிசிஎன்ஏ காலாவதி ஆயிட்டா அப்புறம் சிசிஎன்பி எழுதவே முடியாது சார், இந்த மாசமே சேந்துருங்கனு சொன்னாங்க. சிசிஎன்பிங்குறது சிசிஎன்ஏக்கு அடுத்த படி. அவங்க சொன்னது தப்பு. அந்த மாதிரி முன் தகுதி முன்னாடி இருந்துச்சு, 2020 பிப்ரவரில சிஸ்கோ மொத்தத்தையும் மாத்துனப்ப எடுத்துட்டாங்க, இப்ப சிசிஎன்ஏ இல்லாமயே நேரா சிசிஎன்பி எழுதலாம். இத தெரியாம பயந்துபோய் கடன் வாங்கி சேர்ற பசங்கள நெனச்சா எனக்கு வயிறு எரியுது, அதுக்காகவே இத எழுதணும்னு தோணுச்சு.

சரி, நான் எப்படி முடிவு பண்ணேன்னா, அதுக்கு ஏப்ரல்ல நடந்தத சொல்லணும்.

எங்களுக்கு டவுன்ல மெயின் பாயிண்ட் ஒண்ணு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ரிட்ஜ் மேல ரெண்டாவது பாயிண்ட் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ரோட்டோரம் சுத்தி வர்ற ஃபைபர் இருக்கு, அது போயிட்டா தாங்கறதுக்கு பள்ளத்தாக்குக்கு குறுக்க டிஷ்ஷுக்கு டிஷ்ஷு ரேடியோ லிங்க் இருக்கு. மூடுபனிக்கு அந்த லிங்க் அசையாது, சில்வர் ஓக் மரம் ரெண்டு வருஷத்துல வளந்து நடுவுல வந்தாத்தான் தொல்லை. ஏப்ரல் கோடை மழைல ஒரு சாயங்காலம் விழுந்த இடி, ரேடியோ கேபிள் வழியா இறங்கி ரிட்ஜ் மேல இருந்த ரூட்டர காலி பண்ணிருச்சு. ராத்திரி எட்டு மணிக்கு ஸ்பேர் ரூட்டர தூக்கிட்டு ஜீப்புல போனேன், வழில காட்டெருமை ரெண்டு ரோட்ட மறிச்சு நின்னுச்சு, அதுங்களா நகர்ற வரைக்கும் லைட்ட அணைச்சிட்டு இருந்தோம். போய் புது ரூட்டர மாட்டி, பேக்கப்புல இருந்த கான்ஃபிகரேஷன பாத்து டைப் பண்ணி, ஃபைபர் பக்கம் ஓஎஸ்பிஎஃப் (எந்த நெட்வொர்க் எங்க இருக்குன்னு ரூட்டருங்க தங்களுக்குள்ள சொல்லிக்கிற முறை) எந்திரிச்சிருச்சு, கஸ்டமருக்கு எல்லாம் நெட் வந்துருச்சு. ரேடியோ பக்கம் மட்டும் வரல.

பிங் பண்ணா போகுது. எதிர் ரூட்டரோட ஹலோ பாக்கெட்டும் வருது. ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்னு கமாண்டு அடிச்சா அதோட இணைப்பு எக்ஸ்ஸ்டார்ட்டுன்னே நிக்குது, அங்கருந்து நகரவே இல்ல. டவுன், இனிட், டூவே, எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச், லோடிங், ஃபுல்லுனு இணைப்பு முழுசாகுற ஏழு படியும் எனக்கு மனப்பாடம், சிசிஎன்ஏக்கு படிக்கும்போது சுவத்துல எழுதி ஒட்டி வெச்சிருந்தேன். ஆனா எக்ஸ்ஸ்டார்ட்ல அந்த ரெண்டு ரூட்டரும் என்னதான் பேசிக்குது, ஏன் அங்க நிக்கும்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல. கை வெறச்சு போச்சு, மணி பதினொண்ணரை. ரெண்டு பக்கமும் ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால எழுதி வைக்கிற வழி, போட்டேன், ஃபைபர் போனா ரேடியோ வழியா போற மாதிரி டிஸ்டன்ஸ் ஏத்தி வெச்சேன், ஃபைபர் கேபிள கழட்டி டெஸ்ட் பண்ணேன், வேலை செஞ்சுது, வீட்டுக்கு வந்துட்டேன்.

மே மாசம் சீசன். அந்த ரிட்ஜ் பக்கம் புதுசா ஹோம்ஸ்டே கனெக்‌ஷன் நெறைய வந்துச்சு, அதுக்காக மூணாவதா ஒரு சப்நெட் (ஐபி அட்ரஸ் தொகுதி) சேத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோடு வேலை பாத்த ஜேசிபி ஃபைபர அறுத்துருச்சு. பழைய கஸ்டமருக்கு எல்லாம் ரேடியோ வழியா ஓடுது, புது சப்நெட்டுல இருக்குற அத்தன பேருக்கும் நெட் இல்ல. ஏன்னா ஸ்டாட்டிக்ல பழைய சப்நெட் ரெண்டுதான் இருந்துச்சு, மூணாவது எங்க இருக்குனு மெயின் ரூட்டருக்கு யாரும் சொல்லல, ஓஎஸ்பிஎஃப் ஓடிட்டு இருந்திருந்தா அதுவே சொல்லியிருக்கும். பாக்கெட் அங்கருந்து கிளம்பி வெளிய போகுது, திரும்பி வர்றதுக்கு வழி இல்ல. இத கண்டுபிடிக்க எனக்கு ரெண்டேகால் மணி நேரம் ஆச்சு. அந்த நேரத்துல ஒரு ஹோம்ஸ்டே அக்கா போன் பண்ணி, "தம்பி, மூணு நாளைக்கு புக் பண்ணவங்க ரூம காலி பண்ணிட்டு கிளம்புறாங்கப்பா, வேலை இருக்குதாம், நெட்டு இல்லாம முடியாதுங்குறாங்க"ன்னாங்க. திட்டவே இல்ல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல லேப்டாப்புல ரெண்டு விர்ச்சுவல் ரூட்டர எழுப்பி அதே மாதிரி இணைச்சு பாத்தேன். எங்க சீனியர் அண்ணா எப்பவோ மெயின் பக்கத்து ரேடியோ போர்ட்டுல எம்டியு (ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்குற அளவு) 1600னு கையால வெச்சிருந்தார், இடில போன பழைய ரூட்டர்லயும் 1600 இருந்திருக்கு, நான் மாட்டுன புது ரூட்டர்ல அது வழக்கமான 1500. என் பேக்கப் கான்ஃபிகரேஷன் அவர் அத மாத்துறதுக்கு முன்னாடி எடுத்தது. லேப்டாப்புல ஒரு பக்கம் 1600, இன்னொரு பக்கம் 1500 வெச்ச உடனே அதே எக்ஸ்ஸ்டார்ட், அப்படியே. எதிர் பக்கத்து எம்டியு பெருசா இருக்குனு லாக்ல தெளிவா வருது, ஏப்ரல்ல நான் அந்த லாக்க தொறந்தே பாக்கல.

அப்புறம் முதல் தடவையா ஒரு ஆர்எஃப்சி, அதாவது இன்டர்நெட் விதிமுறை ஆவணம், படிச்சேன். ஓஎஸ்பிஎஃப் வெர்ஷன் 2க்கு ஆர்எஃப்சி 2328, 1998 ஏப்ரல்ல வந்தது, ஜான் மோய் எழுதுனது. அதுல 10.6 பிரிவுல தெளிவா இருக்கு, நெய்பர் அனுப்புற டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பாக்கெட்டுல அவன் எம்டியு எவ்வளவுன்னு ஒரு எடத்துல எழுதியிருக்கும், அது நம்ம போர்ட்டு துண்டாக்காம வாங்குற அளவ விட பெருசா இருந்தா அந்த பாக்கெட்ட ஏத்துக்கவே கூடாது. ஹலோ பாக்கெட்டுல அந்த எம்டியு கணக்கு இல்ல, அதனால அது பாட்டுக்கு போயிட்டு வருது, நெய்பர் வந்துட்டான்னு நமக்கு தோணுது. அத படிச்சப்ப ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, பல வருஷமா அடைச்சிட்டு இருந்த காது தொறந்த மாதிரி. எம்டியுவ கண்டுக்காதன்னு சொல்றதுக்கு ஒரு கமாண்டு இருக்கு, நெட்ல தேடுனா எல்லாரும் அதத்தான் போடச் சொல்றாங்க. தயவுசெஞ்சு அத போட்டுட்டு தூங்கப் போயிராதீங்க, நெய்பர் ஃபுல் ஆயிடும், ஆனா பெரிய பாக்கெட்டு எங்கயாவது மாட்டி பின்னாடி ஒரு நாள் வேற ரூபத்துல வந்து நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே எம்டியு வைக்கிறதுதான் சரி.

அன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு, கிளவுடா ஃபயர்வாலானு நான் யோசிச்சிட்டு இருந்ததெல்லாம் எந்த சர்டிஃபிகேட்டுக்கு மவுசுங்குற கணக்குல. என் கையில தெனம் ஓடுற நெட்வொர்க்குல எனக்கு எது வெளங்கலையோ அதுதான் அடுத்து படிக்க வேண்டியது. எனக்கு வெளங்காதது ரூட்டிங்.

கிளவுடுக்கு போனாலும் அது விடாது. கம்பெனி நெட்வொர்க்க ஏடபிள்யூஎஸ்ஸோட டைரக்ட் கனெக்ட்ல இணைக்கிறப்ப நடுவுல ஓடுறது பிஜிபிங்குற ரூட்டிங் ப்ரோட்டோகால்தான். ஃபயர்வால் வேலைக்கு போனாலும் ரெண்டு சைட்டுக்கு நடுவுல விபிஎன் போட்டுட்டு அதுக்கு மேல ரூட்டிங்தான் ஓட்டணும், ஃபோர்டினெட் வேற 2023ல பழைய என்எஸ்இ படிக்கட்டையே கலைச்சு பேரெல்லாம் மாத்துனாங்க, பேரு மாறும், அடியில ஓடுறது மாறாது. அதனால அந்த ரெண்டும் வேண்டாம்னு சொல்லல, அடுத்த தடவைக்கு தள்ளி வெச்சிருக்கேன்.

இங்க ஒரு கேள்வி வரும். இன்டர்நெட் கம்பெனில வேலை பாக்குற, அப்ப சிசிஎன்பில சர்வீஸ் ப்ரொவைடர்தானே எழுதணும், எதுக்கு என்டர்பிரைஸ்னு. இதுக்கு நான் மூணு வாரம் மண்டைய ஒடச்சேன். சர்வீஸ் ப்ரொவைடர் கோர் பரீட்சை 350-501, அதுல ஐஎஸ்-ஐஎஸ், எம்பிஎல்எஸ், செக்மென்ட் ரூட்டிங், ஐஓஎஸ் எக்ஸ்ஆர்னு பெரிய நெட்வொர்க்குக்கான விஷயமெல்லாம் வரும். படிக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா எங்க கம்பெனில எக்ஸ்ஆர் ஓடுற பெட்டி ஒண்ணு கூட இல்ல, ஐஎஸ்-ஐஎஸ் ஓடல, படிச்சத மறுநாள் தொட்டு பாக்க முடியாது. கோயம்புத்தூர்ல வேலைக்கு எடுக்குறவங்களும் மில்லு, ஆஸ்பத்திரி, காலேஜ், ஐடி கம்பெனினு என்டர்பிரைஸ் பக்கம்தான் அதிகம். பெரிய டெலிகாம்ல வேலை பாக்குறவங்களுக்கு அந்த ட்ராக் சரி, ஒம்போது பேர் கம்பெனிக்கு என்டர்பிரைஸ்தான் கிட்ட வருது.

ஆக என்டர்பிரைஸ் கோர் பரீட்சை 350-401, என்கோர். அத பாஸ் பண்ணா சிசிஎன்ஏ தானா மூணு வருஷத்துக்கு நீளும், அது ஒண்ணுக்கே ஒரு ஸ்பெஷலிஸ்ட் சர்டிஃபிகேட்டும் குடுக்குறாங்க, ரெண்டாவது பரீட்சை தாமதமானாலும் கைல ஒண்ணு இருக்கும். அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்குள்ள ஒரு கான்சன்ட்ரேஷன் (ஒரே விஷயத்த ஆழமா கேக்குற) பரீட்சை எழுதினா சிசிஎன்பி முழுசாகும். நான் எடுக்கப் போறது 300-410, எனார்சி. ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி, பிஜிபி, ஒரு ப்ரோட்டோகால்ல இருக்குற ரூட்ட இன்னொண்ணுக்குள்ள விடுறது, அதெல்லாம் எங்க ஒடையும்னு ட்ரபிள்ஷூட்டிங்கா கேக்குற பரீட்சை. ஏப்ரல் ராத்திரி நான் ரிட்ஜ் மேல நின்னது அந்தப் பரீட்சைக்குள்ளதான்.

காசு பத்தி மறைக்காம சொல்லணும். என்கோர் 400 டாலர், வரியோட சேத்தா 40,000 ரூபாய தொடும். எனார்சி 300 டாலர். எங்க பாட்டி காலத்துல இலங்கைலேருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களது, அம்மா அரசாங்கத்தோட டேன்டீ தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்துத்தான் என்ன படிக்க வெச்சாங்க. 40,000 ரூபாய்னு சொன்னப்ப அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பாஸ் பண்ணா சம்பளம் ஏறுமாப்பா?"ன்னு கேட்டாங்க. இப்ப இருக்குற எடத்துல பெருசா ஏறாதும்மா, ஆனா கீழ கோயம்புத்தூர் பக்கம் போனா ஏறும்னு சொன்னேன். "அப்ப கீழ போற மாதிரிதான் படிக்கிற"ன்னாங்க. ஆமான்னும் சொல்ல முடியல இல்லைன்னும் சொல்ல முடியல.

அதுக்கும் ஒரு கதை இருக்கு. ஜூன்ல கோயம்புத்தூர்ல ஒரு நாக் (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) வேலைக்கு இன்டர்வியூ கூப்பிட்டாங்க, 24 மணி நேர ஷிஃப்டு, இப்ப வாங்குறத விட 9,000 கூட. போய் பேசுனேன். வேலை என்னன்னா ஸ்கிரீன்ல அலாரம் வந்தா டிக்கெட் போட்டு அடுத்த லெவலுக்கு அனுப்பணும், ரூட்டருக்குள்ள நொழைய அனுமதி கிடையாது. சம்பளத்த பாத்து ரெண்டு நாள் தூக்கம் வரல, ஆனா வேண்டாம்னுட்டேன். இங்க நான் தப்பு பண்ணா நானே மலை ஏறிப் போய் சரி பண்றேன், அது எனக்கு கத்துக் குடுக்குறத அந்த ஸ்கிரீன் கத்துக் குடுக்காது. கையில சிசிஎன்பி இருந்தா அடுத்த லெவல்லயே உள்ள போகலாம், அப்ப போறேன். வீட்டுல ஒடனே காசு வேணும்ங்குற நெலமைல இருக்குறவங்க அந்த வேலைய எடுத்தா நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், எங்களுக்கு அம்மாவோட பிஎஃப் பணம் கொஞ்சம் இருந்ததால என்னால வேண்டாம்னு சொல்ல முடிஞ்சுது.

படிக்கிறதுக்கு வருவோம். லேப்டாப்புலயே ரூட்டர் ஓட்டிப் பாக்க பேக்கெட் ட்ரேசர் சாஃப்ட்வேர் சிசிஎன்ஏக்கு போதும், என்கோருக்கு பத்தாது. பழைய லேப்டாப்புல ரேம் மட்டும் 16 ஜிபி ஆக்குனேன், அதுல ஈவிஇ-என்ஜி போட்டிருக்கேன். சிஸ்கோவே அவங்க மாடலிங் லேப்ஸ்ல அஞ்சு நோடு வரைக்கும் இலவசமா குடுக்குறாங்க, அஞ்சே போதுமானு நெனைக்காதீங்க, மூணு ரூட்டர வெச்சு ஒரு வாரம் ஒடைச்சு வெளையாடலாம். ஓஎஸ்பிஎஃப் பிஜிபி மட்டும் புரியணும்னா லினக்ஸ்ல எஃப்ஆர்ஆர்ங்குற ரூட்டிங் சாஃப்ட்வேர் போட்டா ரேமே திங்காது. என் வழக்கம் என்னன்னா முதல்ல ஓட வைப்பேன், அப்புறம் ஒண்ணே ஒண்ண ஒடைப்பேன், ஹலோ டைமர், ஏரியா நம்பர், மாஸ்க், ஆத்தென்டிகேஷன், எம்டியு, ஒவ்வொண்ணுக்கும் நெய்பர் எந்த நெலமைல நிக்குதுன்னு நோட்டுல எழுதுவேன். ஹலோ டைமர் மாறுனா நெய்பரே வராது, எம்டியு மாறுனா வந்து பாதில நிக்கும், இந்த மாதிரி பத்து வரி எழுதி வெச்சிருக்கேன், இப்ப ஒரு லிங்க் நின்னா எந்தப் பக்கம் தேடணும்னு கை தானா போகுது.

என்கோர் பரீட்சைல 30 சதவீதம் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், அது எனக்கு பயமில்ல. ஆட்டோமேஷன் 15 சதவீதம், அதுதான் ஆரம்பத்துல கலக்கமா இருந்துச்சு, அதனால பைத்தான்ல நெட்மிகோ லைப்ரரி வெச்சு எல்லா ரூட்டர்லேருந்தும் தெனம் ராத்திரி கான்ஃபிகரேஷன் எடுத்து வைக்கிற மாதிரி ஒண்ணு எழுதினேன், நாப்பது வரிதான். ஏப்ரல்ல அது இருந்திருந்தா அந்த 1600 என் பேக்கப்புல இருந்திருக்கும்.

டம்ப்ஸ், அதாவது திருட்டுத்தனமா வெளிய விடுற பரீட்சைக் கேள்விங்க, படிச்சு பாஸ் பண்றவங்க இருக்காங்க, எனக்கும் ஒரு டெலிகிராம் லிங்க் வந்துச்சு, அழிச்சிட்டேன். ராத்திரி பதினொண்ணரைக்கு ரிட்ஜ் மேல நிக்கிறப்ப நாலு ஆப்ஷன் வராது.

தேதியும் மலைய பாத்துத்தான் வெச்சேன். வீட்டுலேருந்தே ஆன்லைன்ல எழுதலாம், ஆனா இன்னிக்கு மூணு தடவ கரண்ட் போன ஊர்ல 40,000 ரூபாய வெச்சு அந்த துணிச்சல் எனக்கு இல்ல. சென்டருக்கு போகணும்னா மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் இறங்கி அங்கருந்து கோயம்புத்தூர் போகணும். டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, எப்ப எங்க மண்ணு சரியும்னு சொல்ல முடியாது, ஏப்ரல் மே சீசன், லீவே கெடைக்காது. ஜனவரி பிப்ரவரில பனிதான், ரோடு நல்லாருக்கும். அதனால பிப்ரவரி கடைசி வாரம். தவறிட்டா அஞ்சு நாள் கழிச்சு மறுபடி எழுதலாம்னு விதி இருக்கு, ஆனா திரும்பவும் அதே காசு கட்டணும், அதுக்கு ரெண்டு மாச சம்பளத்துல சேத்தாத்தான் உண்டு, அப்பவும் மே-க்கு முன்னாடி எழுதிரலாம்.

நேத்து மழை கொஞ்சம் விட்டப்ப ரிட்ஜ் பாயிண்டுக்கு போனேன். ரேடியோ போர்ட்டுக்கு மேல ரெண்டு பக்கத்து எம்டியுவையும் ஒரு பேப்பர்ல எழுதி டேப் போட்டு ஒட்டினேன், எனக்கப்புறம் யாரு வந்தாலும் தெரியணும்ல. மே மாசமே எம்டியு சரி பண்ணி ஓஎஸ்பிஎஃப் எழுப்பிட்டேன், இருந்தாலும் பயத்துல அந்த ஸ்டாட்டிக் ரூட்ட எடுக்காமயே வெச்சிருந்தேன். நேத்து அத ரெண்டு பக்கமும் எடுத்துட்டு ஃபைபர கழட்டிட்டு நின்னேன். மூணு சப்நெட்டும் ரேடியோ வழியா வந்துச்சு. நெய்பர் ஃபுல்லுன்னு காட்டுது, டெட் டைமர், ஹலோ வராம எவ்வளவு நேரம் பொறுக்கும்ங்குற கணக்கு, 39, 38னு எறங்கி 30 பக்கம் வந்ததும் ஹலோ வந்து மறுபடி 39க்கு ஏறுது. ஒரு பத்து தடவ அத பாத்துட்டு, ஃபைபர திரும்ப மாட்டிட்டு கீழ வந்தேன்.